குளியலறையில் தண்ணீர் வேகம் குறைந்தால்: பம்பு வாங்கும் முன் தேடிப் பார்க்கும் முறை

எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் தலையில் விழாமல் சுவரோடு வழிந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அடுத்தடுத்து வந்த பிளம்பர்கள் இருவரும் குழாயைத் திறந்து பார்த்து, ‘ஃபோர்ஸ் இல்லை’ என்று சொல்லி, பிரஷர் பம்பு ஒன்றைப் பொருத்தும்படி அறிவுறுத்திவிட்டுப் போனார்கள். கடைசியில் கோளாறு இருந்தது மொட்டைமாடியில், தொட்டிக்கு அடியில் இருந்த பித்தளை கேட் வால்வில். அதன் கைப்பிடி வழக்கம்போலவே திரும்பியதால், அது முழுவதும் திறந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். கழற்றிப் பார்த்தபோது, உள்ளே மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டிய தகடு தண்டிலிருந்து கழன்று, வழியின் பெரும்பகுதியை அடைத்தபடி உட்கார்ந்திருந்தது. ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்ப 22 விநாடி எடுத்துக்கொண்ட அதே குழாய், வால்வை மாற்றிய பிறகு 7 விநாடியில் நிரப்பியது.

பம்பு எந்த வீட்டுக்கும் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சில வீடுகளுக்கு அது தேவைதான். ஆனால் தண்ணீர் மெதுவாக வருவதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் இருக்கின்றன. தொட்டியின் உயரம் போதாமல் இருக்கலாம், அல்லது தண்ணீர் வரும் வழி எங்கோ குறுகியிருக்கலாம். இரண்டும் குழாயடியில் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று கண்டுபிடிக்காமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண்செலவாகவே முடிகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் பொதுவாக உள்ள அமைப்பை, அதாவது சம்ப்பிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து தன் எடையாலேயே இறங்கி வரும் தண்ணீரை மனத்தில் வைத்தே கீழே உள்ளவற்றை எழுதியிருக்கிறேன்.

உயரக் கணக்கு

தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம், தொட்டியில் உள்ள நீர்மட்டத்துக்கும் குழாயின் வாய்க்கும் இடையிலுள்ள செங்குத்து உயரத்தை மட்டுமே பொறுத்தது. அழுத்தத்தை அளக்கும் அலகு பார்; ஒவ்வொரு 10 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 0.3 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு முழு பார் வேண்டுமானால் 33 அடிக்கு மேல் உயரம் தேவை. தொட்டி 500 லிட்டரா 2000 லிட்டரா என்பதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பெரிய தொட்டி வைத்தால் வேகம் கூடும் என்று நினைத்து மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நிறையத் தண்ணீர் கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மேல்மாடிக் குளியலறையில் தரையிலிருந்து கூரை 10 அடி, ஷவர் 7 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷவரிலிருந்து கூரைக்கு 3 அடி, கூரைத் தளத்தின் கனம் அரை அடி, தொட்டி நிற்கும் செங்கல் மேடை 1 அடி, பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் 2 அடி என்று கூட்டினால் மொத்தம் ஆறரை அடிதான் வரும். அது 0.2 பாருக்குச் சற்றுக் குறைவு. அதே வீட்டின் கீழ்த்தளக் குளியலறைக்கு மேலும் பத்தடிக்கு மேல் கிடைப்பதால் அரை பார் அழுத்தம் வந்துவிடுகிறது. மேல்மாடியில் மட்டும் ஷவர் மந்தமாகவும், கீழே வாளியில் தண்ணீர் கொட்டுவதாகவும் இருந்தால், அது கோளாறாக இல்லாமல் வெறும் உயரக் குறைவாகவே இருக்கக்கூடும். கடைக் காட்சிக்கூடத்தில் மழைபோலக் கொட்டிய அகலமான ஷவர்கள் பலவும் 1 பார் அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றை 0.2 பாரில் மாட்டிவிட்டுக் குழாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

கருவிகளை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாக முழுவதும் திறந்து, ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 6 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர், அது நல்ல வேகம். 10 விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர், சமாளிக்கலாம். 15 விநாடியைத் தாண்டினால் புகார் நியாயமானதுதான். மிக்ஸர் குழாய்களில் குளிர்நீரையும் சுடுநீரையும் தனித்தனியே அளக்க வேண்டும். இந்தப் பட்டியலைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் மறுபடி அளந்து பார்த்தால்தான் செய்த வேலையால் பயன் விளைந்ததா என்று தெரியும். ‘இப்போ பரவாயில்லை’ என்பது அளவு ஆகாது.

பட்டியல் கையில் வந்ததும் கோளாறு இருக்கும் இடம் பாதி தெரிந்துவிடும். ஒரே ஒரு குழாய் மட்டும் மெதுவாக வந்தால், அந்தக் குழாயிலோ, சுவரிலிருந்து அதற்குத் தண்ணீர் விடும் சிறு வால்வான ஆங்கிள் காக்கிலோதான் அடைப்பு இருக்கும். சுடுநீர் மட்டும் எல்லா இடத்திலும் மந்தமாக இருந்தால் கீசரைப் பாருங்கள். ஒரு குளியலறை முழுவதும் மந்தமாக இருந்து மற்றவை சரியாக இருந்தால், அந்த அறைக்குள் போகும் கிளைக் குழாயையும், சுவருக்குள் பதித்த வால்வையும் சந்தேகிக்க வேண்டும். வீடே மந்தமாக இருந்தால் மொட்டைமாடிக்கு ஏறுங்கள்.

இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: குறை திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? தொட்டி கழுவிய மறுநாளோ, தொட்டி முழுவதும் காலியாகி நிரம்பிய பிறகோ, பிளம்பிங் வேலை நடந்த பிறகோ வந்திருந்தால் குப்பை, காற்றடைப்பு, சரியாகத் திறக்காத வால்வு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் உப்புப் படிவமோ துருவோதான் காரணம். அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கு மட்டும் குறைந்தால், பல வீடுகள் ஒரே இறங்கு குழாயைப் பகிர்ந்துகொள்வதே காரணம். உங்கள் வீட்டுக்குள் எதைக் கழற்றினாலும் அது தீராது.

குழாய் வாயிலிருந்து தொடங்குதல்

வாஷ்பேசின் குழாயின் நுனியில் ஏரேட்டர் என்ற சிறிய சல்லடை திருகப்பட்டிருக்கும். துணியைச் சுற்றிக் கொறடால் மெதுவாகத் திருகினால் கழன்றுவிடும். துணி சுற்றாமல் பிடித்தால் குரோம் பூச்சில் பல் பதியும். சல்லடையைக் கழற்றிய நிலையில் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கொட்டினால் உங்கள் பிரச்சினை அந்த வில்லையளவு சல்லடையோடு முடிந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தச் சல்லடையில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, அதில் சில மணி நேரம் ஊற வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அது கரைந்துவிடும். வினிகரும் இதே வேலையைச் செய்யும். கழிவறை ஆசிட்டை மட்டும் பயன்படுத்தாதீர்கள்; அது உப்பைக் கரைக்கும் வேகத்திலேயே குரோம் பூச்சையும் அரித்துவிடும். எலுமிச்சை உப்பும் வினிகரும்கூட மார்பிள் தரையில் சிந்தினால் பளபளப்பை எடுத்துவிடும் என்பதால் இந்த வேலையை ஒரு வாளிக்குள் செய்வது நல்லது.

ஷவரைக் கழற்ற முடியாவிட்டால், அதே கரைசலை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர் முகம் அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடலாம். ரப்பர் துளைகள் உள்ள ஷவராக இருந்தால் காலையில் கட்டைவிரலால் ஒவ்வொரு துளையையும் அழுத்தித் தேய்த்தாலே உப்புப் பொடி உதிரும். புதிய ஷவர்கள் சிலவற்றிலும் கழிவறைக் கைத்தெளிப்பான் சிலவற்றிலும், இணைப்பு வாயில் சிறு துளையுள்ள பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கும். அழுத்தம் அதிகமுள்ள இடங்களில் தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக வைக்கப்பட்டது அது. தொட்டித் தண்ணீர் தன் எடையால் மட்டுமே இறங்கும் வீட்டில் அதை எடுத்துவிடுவதில் தவறில்லை.

குழாய் வாய் சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் ஒரு படி பின்னால் போங்கள். பேசினுக்கு அடியில் ஆங்கிள் காக்கை மூடி, அதையும் குழாயையும் இணைக்கும் வளையும் டியூபைக் குழாய்ப் பக்கத்தில் கழற்றி, அதன் வாயை வாளிக்குள் விட்டு, ஆங்கிள் காக்கைத் திறந்து பாருங்கள். இங்கே வேகமாக வந்தால் கோளாறு குழாய்க்குள்ளே, அநேகமாக, கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜில். இங்கேயும் மந்தமாக வந்தால் டியூபையும் ஆங்கிள் காக்கிலிருந்து கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். டியூபை மிகையாக இறுக்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் பிதுங்கி வழியை மறைத்திருக்கும். டியூப் மடிந்திருந்தாலும் அப்படியே. ஆங்கிள் காக்கின் வாய்க்குள் சிக்கிய டெஃப்லான் டேப் துணுக்குகளை நானே இரண்டு முறை எடுத்திருக்கிறேன். ஆங்கிள் காக்கையே சுவரிலிருந்து கழற்றுவதாக இருந்தால், முதலில் மாடி வால்வை மூடி, கீழ்க்குழாயைத் திறந்து, குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டுச் சட்டை நனையாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒவ்வொரு இணைப்பிலும் இப்படிச் சோதித்து, ‘இதற்கு முன்னால் வேகம் இருக்கிறது, இதற்குப் பின்னால் இல்லை’ என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்வதுதான் இந்தத் தேடலின் முறை.

சுடுநீர் மட்டும் மந்தமாக இருந்தால்

கீசரைத் தொடுவதற்கு முன் அதன் சுவிட்சை மட்டுமல்லாமல் மின்பெட்டியில் அதற்கான எம்சிபியையும் அணைத்துவிட்டு, உள்ளே உள்ள தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். கீசருக்குள் போகும் வாயில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் பாதுகாப்பு வால்வு இருக்கும். அதன் உள்வழி சிறியது என்பதால் உப்பு முதலில் அங்கேதான் சேரும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், மாற்றலாம். ஆனால் வால்வு சொட்டுகிறது என்று அதன் வெளியேற்றும் துளையை அடைக்கவே கூடாது, ஏனென்றால் சூட்டில் விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் அந்தத் துளைதான். வெளிவரும் குழாயிலும் உப்பு கெட்டிப்பட்டிருந்தால், நிறுவனப் பணியாளரை அழைத்துத் தொட்டியின் உட்புறத்தையே சுத்தம் செய்யச் சொல்வது நல்லது. கேஸ் கீசர் உள்ளவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: குறிப்பிட்ட அளவு நீர்வேகம் இல்லாவிட்டால் அது பற்றவே பற்றாது.

காற்றடைப்பு

தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு ஒரு குளியலறையில் மட்டும் தண்ணீர் வராமலோ, ‘களக் களக்’ என்று இருமி இருமி வந்தாலோ, குழாய்க்குள் காற்று சிக்கியிருக்கிறது. மொட்டைமாடியில் குழாய் ஒரே சரிவாக இறங்காமல், கைப்பிடிச் சுவரைத் தாண்டவோ வேறு குழாய்க்கு மேலாகப் போகவோ ஏறி இறங்கும் வீடுகளில் அந்த மேட்டில்தான் காற்று தங்கும். அந்தக் குழாய் வழியில் மிகத் தாழ்வாக உள்ள குழாயை முழுவதும் திறந்து சில நிமிடங்கள் ஓட விடுங்கள். பல நேரங்களில் அதுவே போதும். அடிக்கடி வந்தால், தொட்டியை விட்டு இறங்கும் குழாயில், வால்வுக்குப் பிறகு, மேல்நோக்கிய காற்றுக் குழாய் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வாய் தொட்டியின் முழு நீர்மட்டத்தைவிட உயரமாகவும், பூச்சி போகாதபடி வளைந்தும் இருக்க வேண்டும். சின்ன வேலை இது, ஆனால் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள்.

மொட்டைமாடியில்

வீடு முழுவதும் மந்தமாக இருந்தால் முதலில் நீர்மட்டம், பிறகு தொட்டியின் வெளிவாய், அதன் பிறகு வால்வு என்ற வரிசையில் பாருங்கள். தொட்டி கழுவும்போது கிளறிவிடப்பட்ட சேறும், தேய்த்த பிரஷின் நார்களும் வெளிவாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். கேட் வால்வு பழையதாக இருந்தால், கைப்பிடி எத்தனை சுற்று திரும்புகிறது என்பதை நம்பாதீர்கள்; எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். மாற்றும்போது நெம்புகோல் பிடியுள்ள பால் வால்வு போடுங்கள். பிடி குழாயின் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் மலிவான சில பால் வால்வுகளில் உள்ளிருக்கும் உருண்டையின் துளை குழாயைவிடச் சிறிதாக இருக்கும் என்பதால், வாங்கும்போதே திறந்து கண்ணால் பார்த்து வாங்குங்கள். தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே வடிகட்டியோ தண்ணீரை மென்மையாக்கும் கருவியோ இருந்தால், தண்ணீரை அதன் வழியே விடாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைத் திறந்து ஒரு முறை அளந்து பார்க்க மறக்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குறை தீராவிட்டால் சுவருக்குள் இருக்கும் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதைச் சோதிக்கக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் டியூப் போதும். ஒரு முனையை பேசின் குழாயில் இறுகக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், தொட்டியின் உயரத்துக்கு நிமிர்த்திக் கட்டிவிட்டுக் குழாயைத் திறந்து வையுங்கள். டியூபில் தண்ணீர் ஏறி, தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சமமாக நிற்கும். இப்போது ஒருவர் மேலே நின்று பார்க்க, இன்னொருவர் அதே குளியலறையில் ஷவரைத் திறக்க வேண்டும். டியூபில் மட்டம் சில அங்குலமே இறங்கினால் தொட்டியிலிருந்து குளியலறை வரைக்குமான வழி தாராளமாக இருக்கிறது, குறை ஷவர் பக்கத்தில் இருக்கிறது. மளமளவென்று பல அடி இறங்கினால், இரண்டுக்கும் பொதுவான குழாயில்தான் தடை. ஐம்பது ரூபாய் டியூபில் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும் விடை வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பொதுக் குழாய் பழைய இரும்புக் குழாயாக இருந்தால், முழங்கை வளைவுகளில் துரு புற்றுபோல வளர்ந்து, அரை இஞ்ச் குழாயில் பென்சில் நுழையும் அளவே மிச்சம் இருக்கும். அதைச் சுத்தம் செய்ய முயல்வது வீண். டைல்ஸை உடைக்காமல், வெளிச்சுவர் வழியாகப் புதிய சிபிவிசி (சுடுநீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் இழுத்து, குளியலறைக்குள் மட்டும் நுழைப்பது மலிவான வழி. தொட்டியிலிருந்து இறங்குவது ஒன்றேகால் அல்லது ஒரு இஞ்ச், கிளைக்கு முக்கால் இஞ்ச், குழாய் வாயை ஒட்டிய கடைசிச் சில அடிக்கு மட்டும் அரை இஞ்ச் என்று கேட்டுப் போடுங்கள். தோட்டத்து ஹோஸின் வாயை விரலால் அழுத்தினால் பீய்ச்சுகிறதே, அதுபோலச் சிறிய குழாய் போட்டால் வேகம் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விரல் குறுக்குவது கடைசி ஒரு அங்குலத்தை மட்டும்தான்; வழி நெடுகக் குறுக்கினால் அழுத்தம் முழுவதும் உராய்விலேயே செலவாகிவிடும். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது குழாயின் விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு ஏறக்குறைய 30 மடங்காகும். புது வீடுகளிலும் இந்தத் தடை வருவதுண்டு: சிபிவிசி ஒட்டும் பசையை அள்ளிப் பூசினால் அது உள்ளே பிதுங்கி விளிம்பு கட்டிவிடும்.

உயரம்தான் குறைவு என்று உறுதியானால்

வழி சுத்தமாக இருந்தும் மேல்மாடி ஷவர் திருப்தியாக இல்லையென்றால், தொட்டியை உயர்த்தலாம் அல்லது பம்பு வைக்கலாம். 3 அடி உயர்த்தினால் கிடைப்பது 0.1 பாருக்கும் சற்றுக் குறைவுதான். கணக்கில் சிறியதாகத் தெரிந்தாலும், 0.2 பாரில் தவிக்கும் ஷவருக்கு அது ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கூடுதல். ஆனால் 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. மேடையைக் கூரையின் நடுவில் கட்டாமல், தூண்களோ சுமை தாங்கும் சுவர்களோ உள்ள இடத்தின் மேல் கட்ட வேண்டும். அதைப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுச் செய்வதே சரி.

பம்பு வைப்பதாக இருந்தால், அதைத் தொட்டியின் வெளிக்குழாயில்தான் பொருத்த வேண்டும். தெருக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல். அதோடு அந்த உறிஞ்சலில், தெருக்குழாயின் விரிசல்கள் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும். பம்பைச் சுற்றி, திரும்பாத வால்வு ஒன்று வைத்த பைபாஸ் குழாயையும் போடச் சொல்லுங்கள். மின்வெட்டின்போது தண்ணீர் பழையபடி தன் எடையால் இறங்கும். தண்ணீர் ஓட்டத்தை உணர்ந்து இயங்கும் வகைப் பம்புகளுக்கு, இயங்கத் தொடங்குவதற்கே கொஞ்சம் ஓட்டம் வேண்டும் என்பதால், தொட்டிக்கு மிக அருகில் உள்ள ஷவரைத் திறந்தாலும் அது எழுகிறதா என்று பிளம்பர் கிளம்புவதற்கு முன் சோதித்துவிடுங்கள். கீசரின் மேல் எழுதியிருக்கும் அழுத்த எல்லையையும் பம்பின் அதிகபட்ச அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். பழைய இரும்புக் குழாய் உள்ள வீட்டில் குழாயை மாற்றாமல் பம்பு மட்டும் வைத்தால், அதுவரை தாங்கிக்கொண்டிருந்த இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கும்.

பொருத்திய முதல் வாரம் இரவில் காதைத் தீட்டிக்கொண்டு கவனியுங்கள். அழுத்தம் குறைந்தால் தானாக எழும் வகைப் பம்பு, யாரும் குழாயைத் திறக்காத நடு இரவில் அவ்வப்போது ஒரு கணம் ஓடி நின்றால், வீட்டில் எங்கோ கசிகிறது. முதலில் கழிவறை ஃபிளஷ் தொட்டியின் மிதவையைப் பாருங்கள்.